மருமகள் போட்ட கையெழுத்து

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். இத்தனை வருஷத்தில் எங்கெங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒன்று விடாமல் உங்களால் சொல்ல முடியுமா? பெனிலாவால் முடியும். இருபத்தாறு வயதுக்குள் அவள் அப்படியொன்றும் ஊரையே எழுதி வாங்கிவிடவில்லை. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பில் ஒன்று, கோயில் கல்யாணப் பதிவேட்டில் குருவானவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஒன்று, மகளிர் குழு நோட்டில் மாதத்துக்கு ஒன்று, பிரசவத்துக்கு அட்மிட் ஆனபோது வலியில் கோணலாக ஒன்று. அந்தப் பிரசவத்துக்கு ரெண்டு மாதம் முந்தி மாமனாரின் சாப்பாட்டு மேஜையில் ஒன்று. இந்த மேஜைக் கையெழுத்தை இன்று காலை பத்தே முக்கால் மணி வரைக்கும் அவள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. இப்போது மணி பதினொன்று. கிருபாபுரம் ஆரம்ப சுகாதார நிலையத்து வராந்தாவில், சிமெண்ட் பெஞ்சில், மூன்றரை மாத ஷெபாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ரெண்டு தொடையிலும் ஊசி. வீறிட்டு அழுது, பால் குடித்து, விம்மி விம்மி இப்போதுதான் பிள்ளை கண்ணை மூடியிருக்கிறது. "அரை மணி நேரம் இருந்துட்டுத்தான் போகணும். ஊசி போட்ட இடத்தைத் தேய்ச்சிராதீங்க" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அரை மணி நேரம் என்றால் அரை மணி நேரம்தான். வெளியே புங்கமரத்தடியில் வண்டியில் சாய்ந்து நிற்கிற மாமா அதை வாட்சில் பார்த்துக்கொண்டிருப்பார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்த மனுஷன். பேத்தி அழுகிற சத்தத்தைக் காதால் கேட்க மாட்டார் என்பதால் உள்ளே மட்டும் வரமாட்டார்.

வக்கீலம்மா வந்தது யாரும் எதிர்பாராதது. புதன்கிழமை ஊசிக்குப் போதுமான பிள்ளைகள் சேர்ந்த பிறகுதான் மருந்துக் குப்பியைத் திறப்பார்கள் என்பதால், ஒன்பது மணிக்கே வந்த தாய்மார்கள் எல்லாம் சும்மா உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தை இலவசச் சட்ட உதவிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஜன்னல் கம்பியில் ஒரு பேனரைக் கட்டி, கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கைமேல் போட்டுக்கொண்டு, வியர்த்து வழிய நின்ற அந்த வக்கீலம்மா, "நான் பிரசங்கம் பண்ண வரல. மனசுல கிடக்கிறதைக் கேளுங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்காகன்னு சொல்லிக் கேளுங்க, நானும் நம்பிக்கிடுதேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு வாய் திறந்துகொண்டது. பக்கத்தில் இருந்த அன்னலெட்சுமிதான் முதல் ஆள். பெனிலா ஊருக்கு அடுத்த ஊர்க்காரி, ரெட்டைப் பிள்ளை பெற்றவள், எதற்கும் அசராதவள். "ரெண்டு வருஷம் தனித்தனியா இருந்தா விவாகரத்து தன்னால ஆயிருமா மேடம்? பக்கத்து வீட்டு அக்காவுக்காக." வக்கீலம்மா, "பால் தயிராகிற மாதிரி தன்னால ஆகாது. கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆகணும், ஊர்ல நாலு பேரு வச்சுப் பேசித் தீத்தாலும் அது தீர்வு இல்ல" என்றாள். இன்னொருத்தி பேங்கில் நாமினி போட்டிருப்பதைக் கேட்டாள். நாமினி வாங்கி வைக்கிற ஆள், வாரிசுதான் சொந்தக்கார ஆள் என்று பதில் வந்தது. சென்னையில் சித்தப்பா உயில் எழுதி வைத்துவிட்டுப் போன வீட்டுக்கு என்னமோ புரொபேட் வேணும் என்கிறார்களே, அது என்ன கண்றாவி என்று ஒரு பெண் கேட்டாள். "இந்த உயில் நிஜமான உயில்தான்னு கோர்ட் பாத்து முத்திரை குத்திக் குடுக்கிறது. எல்லா ஊருக்கும் எல்லாருக்கும் அது வேண்டியதில்ல, கேட்டுக்கிட்டுச் செய்யுங்க." பெனிலாவுக்கும் கையைத் தூக்க வேண்டும் போல இருந்தது. பள்ளிக்கூடத்திலேயே கையைத் தூக்கித் தூக்கிப் பழகினவள். தெரிந்த பதிலைக் கேள்வியாகக் கேட்டு நல்ல பேர் வாங்குவதில் கெட்டி. "எங்க மாமா உயில் எழுதியிருக்காங்க மேடம். வீடு எங்க வீட்டுக்காரர் பேருக்கு. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன், அதுல ஒண்ணும் தப்பில்லல்லா?" பெருமையாகத்தான் கேட்டாள். மருமகளை நம்பிக் கையெழுத்து வாங்குகிற மாமனார் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "நீங்க என்ன மதம்?" என்று கேட்டாள். அப்படியொரு கேள்வி வருமென்று யார் கண்டார்கள். "கிறிஸ்தவங்க மேடம்." "இந்துன்னா இதுல பிரச்சினை இல்லம்மா. கிறிஸ்தவங்களுக்குச் சட்டம் வேற. உயில்ல சாட்சி போடுற ஆளுக்கோ, அந்த ஆளோட புருஷன் பொண்டாட்டிக்கோ அதே உயில்ல எழுதி வச்சது செல்லாது. உயில் செல்லும். உங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தது மட்டும் செல்லாது." "அப்பம் வீடு?" "உயிலே எழுதாத மாதிரிதான். மாமியார் இருக்காங்களா? இல்லையா. அப்பம் பிள்ளைங்க எல்லாருக்கும் சரிசமம். எத்தனை பேரு?" "எங்க வீட்டுக்காரரும் அவங்க அக்காவும்." "பாதிப் பாதி. அவர் உயிரோட இருக்காருல்லா? பிறகென்ன, புதுசா எழுதச் சொல்லுங்க. யாருக்கு அதுல ஒண்ணும் இல்லையோ, அவங்களைச் சாட்சியாப் போடச் சொல்லுங்க." அவ்வளவுதான். "ஷெபா! தகப்பனார் பேரு ரத்தினசிங்!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஊசி, அலறல், பஞ்சு, பால். வெளியே வந்து பார்த்தால் பேனரையும் காணோம், வக்கீலம்மாவையும் காணோம். அடுத்த ஊருக்குப் போய்விட்டாளாம். ஒரு கல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டு நடையைக் கட்டினவள் மாதிரி அந்தம்மா போய்விட, பெனிலாவுக்குள் அது இன்னும் தரை தட்டாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

பாதிப் பாதி. யாருக்கு ஒண்ணும் இல்லையோ அவங்க. ஷெபாவின் உச்சந்தலை துடிக்கிறது, மெல்லிய தோலுக்குக் கீழே டக் டக் என்று. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் யோசிக்க வேண்டாம். ஆனால் யோசனை எங்கே விடுகிறது. அந்த மேஜை வந்து நிற்கிறது. மேலே போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் திராட்சைக் குலை படம், ஒரு மூலையில் சூடான சட்டி வைத்துச் சுருங்கிப்போன இடம். ஏழு மாத வயிறு மேஜை விளிம்பில் இடிக்க அவள் சாய்ந்து நின்றிருந்தாள். மாமா எழுந்து நின்று, டெப்போ மைக்கில் வண்டி நம்பர் வாசிக்கிற குரலில் உயிலை வாசித்தார். 'எனது காலத்துக்குப் பிறகு மேற்படி வீட்டையும் மனையையும் எனது ஏக குமாரன் ரத்தினசிங் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. எனது மகள் சுகிர்தாவுக்குத் திருமணச் சமயத்தில் நகை, சீர்வரிசை யாவும் குறைவறச் செய்துவிட்டபடியால் மேற்படி சொத்தில் அவளுக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை.' வாசகமெல்லாம் மாமாவுடையது இல்லை. கூட வேலை பார்த்த டிரைவர் சங்கரலிங்கம் பிள்ளை முந்தின வருஷம் எழுதிய உயிலை வாங்கி, பேரையும் எல்லைகளையும் மாற்றி, அப்படியே அச்சுப் பிசகாமல் காப்பியடித்தது. வக்கீலுக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும் என்று ரெண்டு கிழவர்களும் டீ குடித்துக்கொண்டே முடித்துவிட்டார்கள். பிள்ளைவாள்தான் ஒரு சாட்சி. ரெண்டாவதுக்கு யார் என்று மாமா யோசித்தபோது அவர்தான் சொன்னார், "எனக்கு என் மருமகதான் போட்டா. வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்வே." அவருக்கு அது செல்லும். அவர் வீட்டுச் சட்டம் அது. இவர் அவருடைய உயிலை வாங்கினதோடு அவருடைய சட்டத்தையும் சேர்த்து வாங்கிவந்துவிட்டார், அது தன் வீட்டு வாசலில் செல்லுபடியாகுமா என்று பார்க்காமல். "இங்கன கீழ ஒரு கையெழுத்துப் போடு பிள்ள. பெரிய விஷயம் ஒண்ணுமில்ல." அவளும் வகுப்பில் முதல் பிள்ளை மாதிரி, பெ-க்குக் கொம்பெல்லாம் ஒழுங்காக இழுத்து, கீழே ஒரு கோடும் போட்டாள். பிள்ளைவாள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "மணிமணியா இருக்கே எழுத்து" என்றார். அந்தச் சந்தோஷத்தில் கேசரி கிண்டிக் கொடுத்தாள். கேசரி! கட்டின அத்தானுக்கு வர வேண்டிய வீட்டை அழித்துவிட்டு, அதற்குக் கேசரி வேறு.

அந்த நேரம் சுகிர்தா மதினி எங்கே இருந்தாள்? பஜாரில், மெடிக்கல் ஷாப் கவுண்டரில், யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டு. கேசரியில் மதினிக்கென்று ஒரு கிண்ணம் மூடி வைத்திருந்தாள் பெனிலா. சாயங்காலம் வந்து சாப்பிட்டுவிட்டு மதினி, "என்னட்டி இன்னைக்கு விசேஷம்?" என்று கேட்டாள். "சும்மாதான் மதினி, வாய் கேட்டுது." இதைச் சொன்னது இப்போது ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டாம். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வாய் கேட்கத்தான் செய்தது.

"பன்னெண்டு நிமிஷம் ஆச்சு!" ஜன்னலுக்கு வெளியே மாமா. "பிள்ள உறங்குதா?" "உறங்கிட்டா மாமா." "உடம்பு சுடுதா?" "இல்ல மாமா." "கொசு கடிக்காமப் பாத்துக்கோ. இன்னும் பதினெட்டு." அன்னலெட்சுமி ஒரு பிள்ளையைத் தோளிலும் இன்னொன்றைக் காலிலும் போட்டு ஆட்டிக்கொண்டே, "உங்க மாமாவா? பஸ் எடுக்கப் போறமாதிரில்லா நிக்காரு. விட்டா விசிலும் ஊதிருவாரு" என்றாள். பெனிலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பு பாதியில் எங்கேயோ நின்றுவிட்டது. போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் மாமா உயில் எழுதினார். நிற்கிறார், நடக்கிறார், வாட்சைப் பார்க்கிறார். ஆனால் ரெண்டு படி ஏறினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்கிறார், ஏதோ மறந்துவிட்டதை யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அவர் மறைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

சரி, சொல்லாமலே இருந்துவிட்டால்? இந்த யோசனை ஒரு பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று வந்து மடியில் ஏறிக்கொண்டது. சொல்லாமல் இருந்தால் என்ன கெட்டுப்போகும்? உயில் பீரோவில் கிடக்கும். மாமா நினைத்தது நினைத்தபடி நடக்கும் என்று நிம்மதியாக இருப்பார். அவர் காலத்துக்குப் பிறகு எடுத்துப் பார்க்கும்போது வக்கீல் யாராவது சொல்வான், இந்தக் கையெழுத்தால் இது செல்லாது, அக்காவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை, யாரும் யாரிடமும் கேட்கவில்லை, சட்டமே வந்து கூறு போட்டுக் கொடுத்துவிட்டது. மதினிக்கு ஒரு கூரை ஆயிற்று. பெனிலாவின் கையும் சுத்தம். என்ன அழகான ஏற்பாடு! ஆனால் அதற்கு மாமா சாக வேண்டும். இந்த இடத்தில் வந்ததும் பூனைக்குட்டி நகத்தைக் காட்டியது. ஒரு விஷயத்தை மனசில் ஒளித்து வைத்துக்கொண்டு, தினமும் காலையில் அவருக்கு மாத்திரையும் வெந்நீரும் கொடுத்துக்கொண்டு, அவர் போன பிறகு இது வெளியே வரும் என்று எத்தனை வருஷம் இருப்பது? அதற்குப் பேர் காத்திருப்பதுதானே. இன்னொன்றும் உண்டு, அவள் ஒன்றும் புனிதவதி இல்லை. அன்றைக்கு அத்தான் அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்ப்பார். கீழே கோடு போட்ட மணிமணியான கையெழுத்து. "உன்ன யாருட்டி போடச் சொன்னது?" என்பார். கத்த மாட்டார், ரத்தினசிங்குக்குக் கத்த வராது. வயரிங் வேலையில் டேப்பை இழுத்துப் பல்லால் கடித்து அறுப்பாரே, அப்படி ஒரு சின்னச் சத்தம். அதுக்கப்புறம் பத்து நாள் பேச்சு இருக்காது. ஆயுசுக்கும் அந்த வீட்டின் பாதிச் சுவர் அவள் பேரைச் சொல்லிக்கொண்டு நிற்கும்.

அப்படியானால் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். மாமா புதுசாக எழுதுவார். நாளைக்கே எழுதுவார், டைம் கீப்பருக்குத் தாமதம் பிடிக்காது. வேறு ரெண்டு சாட்சி. வீடு மொத்தமும் இவர்களுக்கு. நினைத்ததுமே அந்த முன்னறை கண்ணில் வந்தது, அதை என்ன சொல்ல. தெருவைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை. அதில் ஒரு கிரைண்டரைப் போட்டு இட்லி மாவு விற்கலாம் என்று கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவள் அளந்து வைத்திருக்கிறாள். ஈரத்துக்கு டைல்ஸ் வேண்டும், மாவு வாங்க வருகிறவர்கள் வீட்டுக்குள் வராதபடி ஜன்னலையே இடித்துக் கவுண்டராக்க வேண்டும். இப்போது அந்த அறையில்தான் மதினி இருக்கிறாள். ஒரு கட்டில், ஒரு இரும்புப் பெட்டி, சுவரில் ஆணியில் ஒரு கைப்பை. நாலு வருஷமாக அந்த அறையில் அதற்கு மேல் ஒன்று சேரவில்லை. எப்போது எழுந்து போகச் சொன்னாலும் பத்து நிமிஷத்தில் காலி பண்ணிவிடுகிற மாதிரி வைத்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பெனிலாவுக்குப் பாவமாக இருக்கும். பாவம் என்று நினைத்துக்கொண்டே கிரைண்டர் எந்த மூலைக்கு வரும் என்றும் பார்த்திருக்கிறாள். ரெண்டும் ஒரே கண்தான். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

போன் அதிர்ந்தது. மதினி. ஷெபா திடுக்கிட்டுக் கையை விரித்து மறுபடி மடக்கிக்கொண்டாள். "ஏட்டி, ஊசி போட்டாச்சா? அழுதாளா?" "அழுதாளாவா? கூரை பிஞ்சு போச்சு மதினி." "நீ அழுதியா?" "நான் எதுக்கு அழ?" "போன தடவை அழுதேல்லா, பெரிய வீராங்கனை." கவுண்டரில் யாரோ சில்லறை கேட்கிற சத்தம், "ஒரு நிமிஷம்ண்ணே" என்று மதினி அந்தப் பக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். "காய்ச்சல் சொட்டு மருந்து அங்க குடுத்தாங்கன்னா வாங்கி வச்சுக்கோ. இல்லன்னா வேண்டாம், நான் வரும்போது எடுத்துட்டு வாரேன். எடை எவ்வளவு இருந்தா?" "அஞ்சே முக்கா." "பாத்தியா, நான் சொன்னேம்லா ஆறை நெருங்கிட்டான்னு. என் கையே தராசு. சரி, ராத்திரி தூக்கம் வராது அவளுக்கு, என்கிட்ட போட்டுட்டு நீ உறங்கு. அப்பா எங்க?" "வெளிய நின்னு நிமிஷம் எண்ணுதாங்க." மதினி சிரித்தாள். "எனக்கு அம்மை குத்தும்போதும் அப்படித்தான் நின்னாங்களாம். அம்மா சொல்லும். வை, ஆள் நிக்காங்க." வைத்துவிட்டாள். காதுக்குள் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் இருந்தது.

இப்படிச் சிரிக்கிறவள் கோர்ட்டிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்தாள் என்று பெனிலாவுக்குத் தெரியும். அப்போது இவள் புதுப்பெண், வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே என்றுகூடத் தெரியாது. நண்பகலில் மதினி ஆட்டோவில் வந்து இறங்கினாள். ரெண்டு பேரும் சம்மதித்துப் பிரிகிற மனு, ஒரு வருஷம் இழுத்து அன்றைக்குத் தீர்ப்பு. புருஷன் கோவைக்காரன், கெட்டவன் என்றும் சொல்ல முடியாது என்பாள் மதினி, சேர்ந்து இருக்க முடியாதவன், அவ்வளவுதான். ஒன்பது வருஷம். கல்யாணத்துக்குப் போட்ட நகை மொத்தமும் அவன் தங்கச்சி கல்யாணத்துக்கும் தொழிலுக்குமாகப் போய்விட்டது. அதைக் கேட்டுச் சண்டை போட்டால் வழக்கு இன்னும் மூன்று வருஷம் போகும் என்று வக்கீல் சொன்னபோது, "எனக்கு ஒண்ணும் வேண்டாம், அவரைக் கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்க" என்றாளாம். அன்றைக்கு மாமா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. 'சாப்டியா' என்று மட்டும் கேட்டார். அதுக்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கோயிலில் முன்வரிசையில் உட்காருவதை நிறுத்தினார், கடைசித் தூணோரம் போய்விட்டார். மகள் மேல் கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். பெனிலாவுக்கு அது கோபமாகப் படவில்லை. தான் போட்ட நேர அட்டவணையில் ஒரு வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் டைம் கீப்பருக்கு எப்படி இருக்கும்? நாளைக்கு அவள் இன்னொருத்தனைக் கட்டிக்கொண்டால் வீடு வேறு கைக்குப் போய்விடுமே என்று ஒரு தடவை அத்தானிடம் சொன்னார். இன்னொருத்தன்! மதினி மாத்திரை அட்டையை வெட்டுகிற நேரம் போக எங்கே போய் இன்னொருத்தனைத் தேட? யாவும் குறைவறச் செய்துவிட்டபடியால். செய்ததுதான். அதில் பொய் இல்லை. ஆனால் செய்தது எங்கே இருக்கிறது? அவள் கையில் இல்லை, கழுத்தில் இல்லை, இரும்புப் பெட்டியில் இல்லை. பிள்ளைவாளின் மகள் நன்றாக வாழ்கிறாள், அவர் வீட்டில் அந்த வாசகம் பொருந்தியிருக்கலாம். அதையும் சேர்த்துத்தான் மாமா காப்பியடித்தார்.

பெனிலாவின் அப்பா எழுதவே இல்லை, வாயால் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தின வாரம், தம்பியையும் வைத்துக்கொண்டு, "உனக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு, வீடு தம்பிக்கு, சரிதானம்மா?" என்றார். "எனக்கெதுக்குப்பா அந்த ஓட்டை வீடு, மழைக்கு ஏழு பாத்திரம் வைக்கணும்" என்று சிரித்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் அப்படித்தான், எதையும் சிரித்து முடித்துவிடுவாள், அது அவளுக்கு நல்ல பேர் வாங்கித் தந்திருக்கிறது. சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இதுவரை யோசித்ததில்லை. ஒன்றும் நடந்திருக்காது, வீடு தம்பிக்குத்தான். ஆனால் 'சரிதானம்மா' என்று கேட்டது கேள்வி இல்லை என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். ஷெபா தூக்கத்தில் உதட்டைச் சப்பினாள். பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. இந்தப் பிள்ளைக்கு அத்தான் என்றைக்காவது என்ன எழுதுவார், எழுதும்போது யாருடைய காகிதத்தைப் பார்த்து எழுதுவார்? வேண்டாம், அது இப்போது வேண்டாம். மூன்றரை மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஓட வேண்டாம். தொடையைத் தொட்டுப் பார்த்தாள். லேசாகத் தடித்திருக்கிறது, சூடில்லை.

அப்போது ஒன்று புலப்பட்டது. யாருக்கு அதில் ஒன்றும் இல்லையோ அவர்களைச் சாட்சியாகப் போடச் சொல்லுங்கள். வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், பெனிலா போடக் கூடாது, அத்தான் போடக் கூடாது, அத்தை உயிரோடு இல்லை. வீட்டுக்குள் மிச்சம் இருப்பது யார்? மாமாவுக்கு இது ரெண்டு நிமிஷத்தில் தோன்றிவிடும். மனசில் வஞ்சம் வைத்துச் செய்ய மாட்டார், சட்டப்படி சரியான ஆள் என்று சந்தோஷமாகவே செய்வார். "சுகிர்தா, இங்கன கீழ ஒரு கையெழுத்துப் போடு, பெரிய விஷயம் ஒண்ணுமில்ல." அந்த திராட்சைக் குலை விரிப்பின் மேல், கடையிலிருந்து வந்த கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை என்பதற்குத் தானே சாட்சியாக மதினி குனிவாள். போடவும் போடுவாள். எனக்கு ஒண்ணும் வேண்டாம் என்று சொல்லிப் பழகின வாய். போட்டுவிட்டு, பிள்ளையைக் கொடு என்று வாங்கிக்கொண்டு போய்விடுவாள். பெனிலா அப்போது அடுப்படியில் என்ன செய்துகொண்டிருப்பாள்? அவளால் அந்த அடுப்படியைக் கற்பனை பண்ணவே முடியவில்லை. கிரைண்டரை எந்த மூலையில் வைத்துப் பார்த்தாலும், இதற்கு அப்புறம் அது ஓடுகிற சத்தத்தைக் காதால் கேட்க முடியாது. மாவு ஆட்டப் பின்னால் மாட்டுத்தொழுவம் இருந்த இடம் சும்மாதானே கிடக்கிறது? தகரம் போட்டால் ஆயிற்று. வாங்குகிறவர்கள் தெருவிலிருந்து சுற்றிக்கொண்டு வர வேண்டும், வரட்டும், நல்ல மாவென்றால் நாலு எட்டு நடந்து வருவார்கள். முன்னறை மதினிக்கே என்றால் அத்தான் என்ன சொல்வார்? முதலில் டேப்பைக் கடிப்பார். பத்து நாள். அவருக்கும் அக்காதானே, சைக்கிள் ஓட்டப் பழக்கிக் கொடுத்தவள் அவள்தானே. பத்து நாள் பேசாமல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

"முப்பது!" என்றார் மாமா ஜன்னலில். நர்ஸம்மா வந்து, தொடையைப் பார்த்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அட்டையில் தேதி போட்டுக் கையில் கொடுத்தாள். "வாரேன்க்கா" என்று அன்னலெட்சுமியிடம் சொல்லிக்கொண்டு பெனிலா வெளியே வந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. மாமா வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கப் போனவர், அவள் ஏறாமல் நிற்பதைப் பார்த்து, "என்ன பிள்ள?" என்றார். அவள் சுற்றி வளைக்கவில்லை. வக்கீலம்மா சொன்னதை, சொன்ன வார்த்தையிலேயே, கேள்வியும் பதிலுமாக ஒப்பித்துவிட்டாள். உயில் செல்லும், அத்தானுக்கு எழுதினது மட்டும் செல்லாது, ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி ஆயிரும், இந்துன்னா பிரச்சினை இல்ல, நமக்குத்தான் இப்படி. மாமா ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அந்த, எதையோ மறந்துவிட்ட பாவனை. "சங்கரலிங்கம் பேச்சைக் கேட்டா இப்படித்தான்" என்றார் கடைசியில். "அவன் ஓட்டுன வண்டியெல்லாம் பாதி வழியில நிக்கும்." பிறகு வாட்சைப் பார்த்தார், நேரத்துக்காக இல்லை, பழக்கத்துக்காக. "அதுக்கென்ன, வேற எழுதிருவோம். நல்ல வேளை நீ கேட்ட. ஒண்ணு சங்கரலிங்கம் இருக்கான். இன்னொண்ணு யாருக்கு அதுல ஒண்ணும் இல்லையோ அவங்கன்னு சொன்னாளா? பிறகென்ன, ரொம்ப வசதியாப் போச்சு. நம்ம சுகிர்தாவையே..."

அவரே நிறுத்திக்கொண்டார். சொன்னது தன் காதில் விழுந்து திரும்பி வந்தது போல ஒரு கணம் புங்கமரத்தைப் பார்த்தார். பெனிலா பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தாள், அப்படிச் சொல்வதுதான் அவளுக்கு வரும். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

"மாமா, மதினி பேரு கீழ வேண்டாம். அத்தான் பேரு பக்கத்துலயே, மேல எழுதுங்க."